கம்பியா, கரன்டா, கைவிரலா? – கிட்டார் கேள்வி பதில்

மும்பையில் மழை இறங்கிவிட்டால் என் பட்டறைக்கு இரண்டு விதமான ஆட்கள் வருவார்கள். கூரை ஒழுகுது, தார்ப்பாய் இருக்கா என்று கேட்டு வரும் மாடிவீட்டுக்காரர் ஒருவர். நெக் (கழுத்துப் பகுதி) வளைந்த கிட்டாரைத் தோளில் மாட்டிக்கொண்டு வரும் மீதிப் பேர். இந்த மாதக் கடிதங்களிலும் அதே கதைதான். தாராவி 90 அடி ரோட்டை ஒட்டிய சந்தில் கிட்டார் பழுது பார்க்கிறேன். அதற்கு முன்னால் லேமிங்டன் ரோட்டில் டேப்ரிக்கார்டர் கடையில் சால்டரிங் பிடித்த கை. அதனால் பதில்களில் சங்கீதத்தைவிட ஈயம் கொஞ்சம் தூக்கலாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அண்ணா, எங்கள் சர்ச் கொயரில் எலெக்ட்ரிக் கிட்டார் வாசித்துக்கொண்டே பாடுகிறேன். ஆம்பிலிருந்து (ஆம்ப்ளிஃபயர்) எந்நேரமும் ‘உம்ம்’ என்று சத்தம். கம்பியைத் தொட்டால் குறைகிறது. மைக்கில் உதடு பட்டால் சுரீர் என்கிறது. சவுண்ட் செட்காரர், ஆம்ப் பிளக்கில் எர்த் பின்னைப் பிடுங்கிவிட்டால் உம் சத்தம் போய்விடும் என்கிறார். பிடுங்கலாமா?
– கல்லூரி மாணவர், தாராவி

தொடவே தொடாதீர்கள் தம்பி. அவர் சொல்கிறபடி செய்தால் சில சமயம் சத்தம் குறையத்தான் செய்யும். உங்களைக் காப்பாற்றும் ஒயரும் கூடவே போய்விடும்.

நீங்கள் கேட்டிருப்பது இரண்டு வியாதி. உதட்டு ஷாக்கை முதலில் பார்ப்போம். உங்கள் கிட்டார் கம்பி, அதைத் தாங்கும் பிரிட்ஜைத் தொடுகிறது. பிரிட்ஜுக்கு அடியில் ஒரு சின்ன ஒயர், அது கேபிள் செருகும் ஜாக்குக்குப் போகிறது. அங்கிருந்து கேபிளின் வெளிவலை வழியாக ஆம்பின் இரும்புச் சட்டத்துக்குப் போய்விடுகிறது. ஆக, கம்பியில் கை வைத்தால் ஆம்பின் உடம்பிலேயே கை வைத்த மாதிரி. மைக்கின் வலைமூடி அதே போல, மைக் போய்ச் சேரும் சவுண்ட் மிக்சரின் உடம்பு. இந்த இரண்டில் ஒன்றுக்கு எர்த் ஒழுங்காக இல்லையென்றால், நடுவே ஒயராக நிற்பது நீங்கள்.

இதை நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. பல வருஷம் முன்பு ஒரு கணபதி பந்தலில் வாசிக்கப் போனேன். ஜெனரேட்டர் கரன்ட், நனைந்த மேடை. மூன்று பின் சாக்கெட் கிடைக்காமல் இரண்டு பின் அடாப்டரைச் செருகி ஆம்பைப் போட்டேன். பல்லவிக்கு வாயைத் திறந்ததுதான் தெரியும். மைக் ஸ்டாண்ட் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். கூட்டம் அதை டான்ஸ் என்று நினைத்துக் கைதட்டியது. இரண்டு நாளைக்குப் பல்லில் தகர ருசி.

செய்ய வேண்டியது இது. மல்டிமீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்து, ஒரு முனையைக் கம்பியிலும் மற்றதை மைக் வலையிலும் வையுங்கள். ஓரிரு வோல்ட்டுக்கு மேல் காட்டினால் அன்றைக்குக் கிட்டாரோடு பாட வேண்டாம். எலெக்ட்ரீஷியனை வரவழைத்துச் சாக்கெட்டில் எர்த் உண்மையிலேயே வருகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். மேலே தடியாக, நீளமாக இருக்கும் ஓட்டைதான் எர்த். பழைய கட்டடங்களில் ஓட்டை இருக்கும், உள்ளே ஒயர் இருக்காது. அது சரியான பிறகு ஆம்பையும் மிக்சரையும் ஒரே எக்ஸ்டென்ஷன் போர்டில் போடுங்கள். உம் சத்தத்தில் ஒரு பங்கு அப்போதே அடங்கிவிடலாம்.

மிச்சச் சத்தம் கிட்டாருடையதா, ஆம்புடையதா? கிட்டார் வால்யூமைச் சுழியத்துக்குக் கொண்டுவாருங்கள். சத்தம் அப்படியே இருந்தால் கிட்டாரின் மேல் பழி இல்லை. குறைந்தால், கம்பியின் அதிர்வைப் பிடிக்கும் பிக்கப் வழியாக வருகிறது. ஒற்றைக் காயில் (கம்பிச் சுருள்) பிக்கப் என்பது காந்தத்தைச் சுற்றிய செப்புக் கம்பி. டியூப் லைட், ஃபேன் ரெகுலேட்டர், மொபைல் சார்ஜர் எது கக்கினாலும் அதைப் பிடிக்கும் ஏரியல் அதுதான். நம் ஊர் கரன்ட் 50 ஹெர்ட்ஸ் ஆட்டம், அந்த ஆட்டம்தான் உம்மாக வருகிறது. வாசிக்கும்போது நின்ற இடத்திலேயே மெதுவாகத் திரும்பிப் பாருங்கள். ஏதோ ஒரு திசையில் சத்தம் படுத்துவிடும். அடுத்த ஆராதனையிலிருந்து அந்தத் திசையில் நில்லுங்கள், செலவு ஒன்றுமில்லை. கம்பியைத் தொட்டால் குறைவது கோளாறு அல்ல. உங்கள் உடம்பும் ஒரு ஏரியல்தான், தொட்டவுடன் அது ஆம்பின் எர்த்தோடு சேர்ந்துவிடுகிறது. மாறாக, தொட்டால் சத்தம் கூடினால் ஜாக்கில் இரண்டு ஒயரையும் யாரோ மாற்றிச் சால்டர் வைத்திருக்கிறார்கள் என்று சந்தேகப்படுங்கள்.

இந்த உம்முக்காகத்தான் கிப்சன் கம்பெனியின் சேத் லவர் எதிரெதிராக இரண்டு காயில் வைத்து ஹம்பக்கர் என்ற பிக்கப்பைச் செய்து, 1955-ல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். ஒரு காயில் பிடிக்கும் உம்மை மற்றது கழித்துவிடும். உங்களுடையது மூன்று பிக்கப் கிட்டார் என்றால் ஐந்து நிலை ஸ்விட்சை 2 அல்லது 4-ல் வைத்துப் பாருங்கள், பல கிட்டார்களில் அங்கேயும் உம் அடங்கும்.

டோம்பிவிலியிலிருந்து தாதருக்கு லோக்கலில் கிட்டாரைத் தூக்கிப் போய் ரிகர்சல் செய்கிறேன். ஒரு பாட்டு முடிவதற்குள் டியூன் இறங்கிவிடுகிறது, முக்கியமாக மூன்றாவது கம்பி. கடையில் டியூனிங் கீ செட்டையே மாற்றச் சொல்கிறார்கள்.
– வாசகர், டோம்பிவிலி

காலை எட்டு மணி டோம்பிவிலி வண்டியில் கிட்டாரோடு ஏறுகிறவருக்கு முதலில் ஒரு கும்பிடு.

கீயை மாற்றாதீர்கள். மூன்றாவது கம்பியை மெதுவாகச் சுருதி ஏற்றிப் பாருங்கள். கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்காது, திடீரென்று ‘டிங்’ என்று ஒரு சத்தம், சுருதி ஒரேயடியாகத் தாவிவிடும். அந்த டிங் வந்தால் கம்பி நட்டில் (நெக்கின் தலைப்பக்கத்தில் கம்பிகள் பள்ளங்களில் உட்காரும் சின்னப் பட்டை) சிக்குகிறது என்று அர்த்தம். மூன்றாவது கம்பிதான் அதிகம் சிக்கும், பல கிட்டார்களில் அது நட்டைத் தாண்டியதும் பக்கவாட்டில் கோணலாகத் திரும்பித் தன் கீக்குப் போகிறது. வளைத்து வாசிக்கும்போது கொஞ்சம் நழுவி வந்த கம்பி, திரும்பிப் போக முடியாமல் அங்கேயே நின்றுவிடும்.

வைத்தியம் உங்கள் பிள்ளையின் ஜியாமெட்ரி பாக்ஸில் இருக்கிறது. கம்பியைத் தளர்த்தி நட்டின் பள்ளத்திலிருந்து பக்கத்தில் எடுத்து வைத்துவிட்டு, 2பி பென்சிலைக் கூராகச் சீவிப் பள்ளத்துக்குள் நன்றாகத் தேய்த்துவிடுங்கள். கரி வழுக்கும், கம்பி போய்வரும். அப்புறமும் டிங் நிற்கவில்லையென்றால் பள்ளம் குறுகல். அதற்கென்று மெல்லிய அரம் இருக்கிறது, ஆனால் அதை நீங்களே போடாதீர்கள். பள்ளம் ஆழமாகிவிட்டால் நட்டையே மாற்ற வேண்டியிருக்கும்.

இன்னொரு பழக்கம்: சுருதி கூடிவிட்டால் அங்கிருந்தே இறக்கி நிறுத்தாதீர்கள். வேண்டியதற்கும் கீழே இறக்கிவிட்டு, ஏற்றிக்கொண்டு வந்து நிறுத்துங்கள். கீயின் பல்லில் இருக்கும் தளர்வு அப்போதுதான் இழுபட்டு நிற்கும். ஜூன் முதல் செப்டம்பர் வரை, ரயிலை விட்டு இறங்கியதும் கம்பியைத் துடைத்துவிடுங்கள். கடல்காற்றும் கை வியர்வையும் சேர்ந்தால் துருப்பிடிக்க அதிக நாள் ஆகாது, துருவேறிய கம்பி டியூனில் நிற்காது.

மைத்துனர் நியூஜெர்சியிலிருந்து மகனுக்கு ஒரு ஆம்ப் கொண்டுவந்திருக்கிறார். பிளக் வேறு மாதிரி இருக்கிறது. அடாப்டர் மாட்டினால் போதுமா?
– ஒரு அம்மா, முலுண்ட்

போதாதும்மா. அடாப்டர் பின்னின் வடிவத்தைத்தான் மாற்றும், கரன்டை மாற்றாது. ஆம்பின் பின்பக்கம் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். 100–240 வோல்ட் என்றிருந்தால் கவலையில்லை. 120 வோல்ட் என்று மட்டும் இருந்தால் நம் 230-ல் போட்ட மாத்திரத்தில் பியூஸ் போகும், அது போகாவிட்டால் வேறு ஏதாவது புகையும். ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வாங்குங்கள். ஆம்ப் எடுக்கும் கரன்ட் என்று பின்பக்கம் போட்டிருக்கும் வாட்டைப் போல ஒன்றரை இரண்டு மடங்கு தாங்குவதாக, எர்த் உள்ளதாக இருக்கட்டும். பியூஸ் போனால் ஒயர்த் துண்டைச் சுற்றி ஓட்டும் வேலையை மட்டும் மகனுக்கு யாரும் கற்றுக்கொடுத்துவிடாதீர்கள்.

நான் பத்து வருஷம் வாய்ப்பாட்டு படித்தவள். இப்போது எலெக்ட்ரிக் கிட்டாரில் ராகம் வாசிக்க ஆசை. கம்பியை வளைத்தால் விரல் வலிக்கிறது, சுருதியும் சேரவில்லை. அப்பா “ஃப்ரெட் (மெட்டு) வைத்த வாத்தியத்தில் கமகம் வராது” என்கிறார்.
– வாசகி, செம்பூர்

வீணையில் இருப்பது என்னவாம் என்று அப்பாவைக் கேளுங்கள். கேட்டுவிட்டுப் பக்கத்து அறைக்குப் போய்விடுங்கள்.

மேண்டலின் யூ. ஸ்ரீனிவாஸ் ஜோடி ஜோடியாகக் கம்பி கட்டிய வாத்தியத்தை விட்டுவிட்டு ஐந்து ஒற்றைக் கம்பி எலெக்ட்ரிக் மேண்டலினில் வாசித்தார். ஜோடிக் கம்பியை ஒரே அளவுக்கு வளைப்பது எவ்வளவு கஷ்டம் என்று யோசித்தால் காரணம் புரியும். உங்களுக்கும் முதல் வேலை கம்பிதான். கிட்டாரில் 10-46 கம்பி செட் இருந்தால் அதைவிட மெல்லிய 9-42 மாற்றுங்கள். பாதி வலி அதிலேயே போகும்.

மீதிப் பாதி கையில் இருக்கிறது. ஒற்றை விரலால் தள்ளுகிறீர்கள் என்று நினைக்கிறேன். மோதிர விரலைக் கம்பியில் வைத்து, அதன் பின்னால் நடுவிரலையும் ஆள்காட்டி விரலையும் அதே கம்பியில் முட்டுக் கொடுங்கள். கட்டை விரல் நெக்கின் மேல்விளிம்பைத் தாண்டிப் பிடித்திருக்கட்டும். இப்போது விரலை அசைக்காமல், பூட்டில் சாவியைத் திருப்புகிற மாதிரி மணிக்கட்டைத் திருப்புங்கள். வளைப்பது முன்கை, விரல்கள் வெறும் கொக்கி. சும்மாயிருக்கிற கம்பிகள் கூடவே முனகாமல் ஆள்காட்டி விரலின் நுனியும் வலது உள்ளங்கையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

சுருதி சேராததற்குக் காரணம், எங்கே போய்ச் சேர வேண்டும் என்று காது முடிவு செய்வதற்குள் கை கிளம்பிவிடுகிறது. போய்ச் சேர வேண்டிய ஸ்வரத்தை அதன் ஃப்ரெட்டில் ஒருமுறை அடித்துக் கேட்டுவிட்டு, இரண்டு ஃப்ரெட் கீழே வந்து வளைத்து எட்டுங்கள். பாட்டு படித்த காது உங்களுக்கு, இரண்டே வாரத்தில் பிடித்துவிடும். ஒன்றை மறக்காதீர்கள்: வளைத்தால் சுருதி ஏறத்தான் செய்யும், இறங்காது. அதனால் கரஹரப்பிரியா காந்தாரத்தை அசைக்க நினைத்தால் காந்தாரத்தில் விரலை வைக்காதீர்கள். ரிஷபத்தில் வைத்து மத்யமத்தை நோக்கித் தள்ளித் தள்ளி விடுங்கள். மேலிருந்து இறங்கும் ஜாருவுக்கு வளைக்காமல் விரலைச் சறுக்குங்கள், அதுதான் அழகு.

உங்கள் கிட்டாரில் ஆட்டும் கைப்பிடி வைத்த, மிதக்கும் பிரிட்ஜ் இருந்தால் சுருதிக்கு இன்னொரு எதிரி உண்டு. ஒரு கம்பியை வளைத்தால் பிரிட்ஜ் முன்னால் சாய்ந்து மற்றக் கம்பிகள் இறங்கும். சா-வைத் திறந்த கம்பியில் ஒலிக்கவிட்டுக்கொண்டு மேலே கமகம் வாசித்தால் சா-வே ஆடும். பின்பக்க மூடியைத் திறந்து, ஸ்பிரிங்கை இறுக்கிப் பிரிட்ஜை உடம்போடு படிய வைத்துவிடுங்கள்.

யூடியூப் பார்த்து, நெக்கின் வளைவைச் சரிசெய்யும் ட்ரஸ் ராடை ஒரு முழுச் சுற்றுத் திருப்பினேன். இப்போது முதல் நாலைந்து ஃப்ரெட்டில் ‘ஸ்ஸ்’ என்று உரசுகிறது.
– பத்தாம் வகுப்பு, சயான் கோலிவாடா

முழுச் சுற்றா! கால் சுற்றுக்கு மேல் ஒரு நாளில் திருப்பக் கூடாது தம்பி. இரண்டாம் முறை கால் சுற்றுக்கு மறுநாள் வரை பொறு, மரம் மெதுவாகத்தான் ஒத்துவரும்.

மூன்றாவது கம்பியை முதல் ஃப்ரெட்டிலும் கடைசி ஃப்ரெட்டிலும் ஒரே நேரத்தில் அமுக்கு. நடுவே ஏழாவது எட்டாவது ஃப்ரெட் பக்கம் கம்பிக்கும் ஃப்ரெட்டுக்கும் இடையில் ஒரு விசிட்டிங் கார்டு போகிற அளவு சந்து இருக்க வேண்டும். உன்னுடையதில் சந்தே இருக்காது, நெக் பின்பக்கம் வளைந்திருக்கும். கால் சுற்று இடப்பக்கம் தளர்த்தி, டியூன் செய்து, மறுபடி பார். சந்து வந்த பிறகும் ஒரே ஒரு ஃப்ரெட்டில் மட்டும் உரசினால் அடுத்த ஃப்ரெட் தூக்கிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம், அது என்னைப் போன்றவர் வேலை. காதுக்குக் கேட்டு ஆம்பில் கேட்காத உரசலை விட்டுவிடு, அதோடு சண்டை போட்டால் ராத்திரி தூக்கம் போகும்.

சின்னக் கேள்விகள் சில. வால்யூம் திருகும்போது கரகரப்பு என்று கேட்டவருக்கு: கான்டாக்ட் கிளீனர் ஸ்ப்ரே இரண்டு பீச்சு, குமிழை முப்பது தடவை முழுதாகத் திருப்புங்கள். சைக்கிள் எண்ணெய் விடாதீர்கள். பெடலில் பேட்டரி ஒரே ராத்திரியில் தீர்கிறது என்றவருக்கு: இன்புட்டில் பிளக் செருகியிருந்தால் பெடல் ஆனில்தான் இருக்கும், வாசித்து முடித்ததும் பிடுங்குங்கள். மல்டி-எஃபெக்ட்ஸ் ஹெட்ஃபோனில் நன்றாக இருக்கிறது, ஆம்பில் போட்டால் போர்வைக்குள்ளிருந்து வருகிற மாதிரி என்றவருக்கு: ஆம்புக்குப் போகும்போது அதிலிருக்கும் கேபினெட் சிமுலேஷனை அணைத்துவிடுங்கள். நிஜ ஸ்பீக்கர் இருக்கும்போது போலி ஸ்பீக்கர் எதற்கு?

வங்கியிலிருந்து ஓய்வு பெற்று கிட்டார் கற்கிறேன். ஒரே விரலால் எல்லாக் கம்பியையும் அமுக்கிப் பிடிக்கும் எஃப் பார் கார்டு எட்டு மாதமாக வரவில்லை. வயதாகிவிட்டது, விட்டுவிடலாமா?
– வாசகர், தானே

சார், ஒரு சோதனை செய்துவிட்டு வயதைக் குறை சொல்லுங்கள். அதே கார்டை ஐந்தாவது ஃப்ரெட்டில் பிடியுங்கள். அங்கே வருகிறது, முதல் ஃப்ரெட்டில் மட்டும் வரவில்லை என்றால் பெரும்பாலும் நட் உயரமாக இருக்கிறது. ஒவ்வொரு கம்பியையும் மூன்றாவது ஃப்ரெட்டில் அமுக்கிக்கொண்டு முதல் ஃப்ரெட்டின் மேல் பாருங்கள். சந்து ஒரு காகிதம் போகிற அளவுதான் இருக்க வேண்டும். அதில் உங்கள் பழைய பாஸ்புக்கே போகிறது என்றால், எட்டு மாதமாக நீங்கள் மல்லுக்கட்டியது எஃப் கார்டோடு இல்லை.

ஐந்தாவதிலும் வரவில்லை என்றால் ஆள்காட்டி விரலைத் தட்டையாக வைக்காமல், கட்டை விரல் பக்கமாகக் கொஞ்சம் உருட்டி எலும்புப் பக்கத்தால் அமுக்குங்கள். ஃப்ரெட்டை ஒட்டி வையுங்கள். கட்டை விரலால் பிழியாமல் முழங்கையைப் பின்னால் இழுத்துப் பாருங்கள், எடை தானாக வரும். மரத்துப்போகிற மாதிரி வலி வந்தால் அன்றைக்கு நிறுத்திவிட வேண்டும், மறுநாளும் இருந்தால் டாக்டர்.

நட்டாகத்தான் இருக்கும் என்பது என் ஊகம். கிட்டாரை எடுத்துக்கொண்டு சயானில் இறங்கி வாருங்கள், அரை மணி நேர வேலை. ஞாயிற்றுக்கிழமை மட்டும் வேண்டாம், பராமரிப்புக்காக ரயிலை நிறுத்தும் மெகா பிளாக் இருக்கும்.