ஹுப்பாவின் கீழ் விழும் வெயில்: பண்ணையில் நடக்கும் யூதத் திருமணத்தைப் படமெடுப்பது பற்றிக் கேள்வி பதில்

நியூயார்க் மாநிலத்தில் கேட்ஸ்கில் மலைப் பக்கமும் ஹட்சன் பள்ளத்தாக்கிலும் உள்ள பண்ணைகளில் பல வருடங்களாகக் கல்யாணப் படம் எடுத்து வருகிறேன். அவற்றில் யூதத் திருமணங்கள் நிறைய. அதைப் பற்றி வந்த கேள்விகளுக்கு என் பதில்கள் இவை.

அக்கா, இதுவரை நம்ம ஊர்க் கல்யாணங்கள்தான் எடுத்திருக்கிறேன். ஜூன் மாதம் முதன்முதலாக ஒரு யூதக் கல்யாணம் எடுக்கப் போகிறேன். என்ன வரிசையில் நடக்கும்? (எடிசன், நியூ ஜெர்சி)

வரிசை மனப்பாடம் ஆகிவிட்டால் பாதி வேலை முடிந்தது தம்பி. முதலில் கெத்துபா, அதாவது திருமண ஒப்பந்தம். மரபான வாசகம் அரமேய மொழியில் இருக்கும்; இரண்டு சாட்சிகள் கையெழுத்துப் போடுவார்கள். அடுத்து பெடெகன். மாப்பிள்ளை, பெண் உட்கார்ந்திருக்கும் இடத்துக்கு வந்து அவள் முகத்தின் மேல் திரையைத் தன் கையால் இறக்கி மூடுவார். ராகேல் என்று நம்பி லேயாளை மணந்த யாக்கோபின் பைபிள் கதையை இதற்குக் காரணமாகச் சொல்வார்கள். அப்புறம் ஊர்வலம். மாப்பிள்ளையை அவருடைய அப்பா அம்மா இருவரும், பெண்ணை அவளுடைய அப்பா அம்மா இருவரும் அழைத்து வருவது வழக்கம். ஹுப்பா என்கிற நான்கு கால் விதானத்தின் கீழ் பெண் மாப்பிள்ளையை ஏழு முறை சுற்றி வருவாள். சில குடும்பங்களில் மூன்று முறை. பிறகு திராட்சை ரசம், மோதிரம், கெத்துபா வாசிப்பு, ஏழு ஆசிகள், கடைசியில் மாப்பிள்ளை கண்ணாடிக் கோப்பையைக் காலால் மிதித்து உடைப்பது.

மோதிரம் பெண்ணின் வலது கை ஆள்காட்டி விரலில் போடப்படும். இது தெரியாமல் இடது கைப் பக்கம் கேமராவோடு காத்திருந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். பெண் மாப்பிள்ளைக்கு வலப்பக்கம் நிற்பதும் பல குடும்பங்களில் வழக்கம். நீங்கள் நிற்க வேண்டிய இடத்தை இதை வைத்தே முடிவு செய்துகொள்ளுங்கள்.

என்னைக் கேட்டால், அன்றைய நாளின் சிறந்த படம் பெடெகனில்தான் இருக்கிறது. திரை இறங்கியதும் பெண்ணின் அப்பா இரண்டு கைகளையும் அவள் தலைமேல் வைத்து மெல்ல ஆசி சொல்வார். அந்த நேரத்தில் அவர் விரல்கள் லேசாக நடுங்கும். 85 மி.மீ. லென்ஸோடு ஒரு ஓரமாக நின்று கொள்ளுங்கள். கிட்டே போகாதீர்கள்.

ஹுப்பா திறந்தவெளியில் இருந்தால் வெயிலை எப்படிச் சமாளிப்பது? சென்ற முறை மாப்பிள்ளை முகத்தில் பாதி வெளுத்துவிட்டது, பாதி கறுத்துவிட்டது. (டொராண்டோ)

வெட்டவெளியில் ஹுப்பா போடுவது பழைய வழக்கம். ஆபிரகாமின் சந்ததி வானத்து நட்சத்திரங்களைப் போலப் பெருகும் என்ற வாக்கின் நினைவாக அஷ்கெனாசி யூதர்கள், அதாவது ஐரோப்பிய வழி வந்த யூதர்கள், வானத்தின் கீழ் மணம் முடிப்பார்கள். அதனால் இடத்தை மாற்றச் சொல்ல முடியாது. ஆனால் ஹுப்பாவின் கால்களை எந்தத் திசை பார்த்து நடுவது என்று கேட்டால் பெரும்பாலும் ஒத்துக்கொள்கிறார்கள்.

நான் முந்தின நாளோ முந்தின வாரமோ, சடங்கு நடக்கும் அதே மணிக்கு அங்கே போய் நிற்பேன். முகம் வரும் உயரத்தில் உள்ளங்கையைப் பிடித்துப் பார்ப்பேன். கையில் ஒரே சீராக நிழல் இருந்தால் நல்லது. மேப்பிள் மர இலைகளுக்குள்ளிருந்து வெயில் புள்ளிப் புள்ளியாக விழுந்தால், அந்த இடத்திலிருந்து பத்தடி தள்ளிப் போடச் சொல்வேன். அந்தப் புள்ளிகளை எந்த எடிட்டிங்கும் முழுதாகத் துடைக்காது. சூரியன் தம்பதிக்குப் பின்னால் இருக்கட்டும், பக்கவாட்டில் வேண்டாம்.

விதானத் துணி என்ன என்றும் கேளுங்கள். மெல்லிய வெள்ளைத் துணி வெயிலை அழகாகப் பரப்பிக் கொடுக்கும். குடும்பத்தின் தல்லித், அதாவது ஜெபச் சால்வையைக் கட்டினால் அது கனமானது. கீழே நல்ல நிழல் விழும், பின்னால் புல்வெளி பளீரென்று எரியும். அப்போது முகத்துக்கு எக்ஸ்போஷர் வையுங்கள், பின்னணி வெளுத்தாலும் பரவாயில்லை. நிறத் துணி என்றால் அந்த நிறம் எல்லார் நெற்றியிலும் ஏறும். ரா ஃபைலில் எடுத்திருந்தால் ஓரளவு சரிசெய்யலாம்.

கண்ணாடி உடைக்கும் கணத்தை ஒவ்வொரு முறையும் கோட்டை விடுகிறேன். (சிகாகோ)

கி.பி. 70-இல் எருசலேமில் இருந்த யூத ஆலயம் அழிந்ததை, சந்தோஷத்தின் உச்சத்திலும் மறக்காமல் இருக்கத்தான் இதை உடைக்கிறார்கள் என்பது பரவலாகச் சொல்லப்படும் விளக்கம். நமக்குக் கெட்டிமேளம் எப்படியோ அவர்களுக்கு இது அப்படி. உடைந்த அடுத்த நொடியே எல்லாரும் “மஸல் தோவ்!” (வாழ்த்துகள்!) என்று கத்துவார்கள், தம்பதி முத்தமிடுவார்கள்.

ஏழாவது ஆசி தொடங்கியதும் பன்னிரண்டு அடி தள்ளி முட்டி போட்டுவிடுங்கள். ஷட்டர் 1/1000, தொடர் படங்கள். பெரும்பாலும் வலது கால்தான் இறங்கும். கால் தரையைத் தொட்டதும் கேமரா முகங்களுக்கு ஏற வேண்டும். இரண்டாவது ஆள் இருந்தால் அவர் விருந்தினரை மட்டும் பார்க்கட்டும்; பாட்டிகளின் முகத்தில்தான் அந்தக் கணம் முழுசாக இருக்கும்.

பண்ணையில் ஒரு சிக்கல் உண்டு. மழை பெய்த மறுநாள் நான் எடுத்த ஒரு கல்யாணத்தில், துணியில் சுற்றிய கண்ணாடியை மாப்பிள்ளை ஓங்கி மிதித்தார். சத்தமே இல்லை. கண்ணாடி ஈரப் புல்லில் அமுங்கிவிட்டது. மறுபடி மிதித்தார், அப்போதும் உடையவில்லை. யாரோ ஒரு பலகைத் துண்டை ஓடிப்போய் எடுத்துவந்து அடியில் வைத்த பிறகுதான் உடைந்தது. அன்றிலிருந்து ஒரு சதுர அடிப் பலகை என் வண்டியில் எப்போதும் கிடக்கிறது. சடங்குக்கு முன்பே, சடங்கை நடத்தும் யூத மதகுருவான ரப்பியிடம் கொடுத்துவிடுகிறேன்.

மிகவும் ஆசாரமான குடும்பம். நான் ஆண். பெண்கள் ஆடும் பக்கம் போகலாமா? (லண்டன்)

கேட்காமல் போகாதீர்கள் தம்பி. ஆர்த்தடாக்ஸ் குடும்பங்களில் ஆண்களும் பெண்களும் தனித்தனியாக ஆடுவார்கள், நடுவில் மெகிட்ஸா என்ற தடுப்பு இருக்கும். அந்தப் பக்கத்துக்கு ஒரு பெண் புகைப்படக்காரரைக் கூட வைத்துக்கொள்வதுதான் சரி. கல்யாணத்துக்கு முந்தின வாரம் பெண்ணும் மாப்பிள்ளையும் பார்த்துக்கொள்ளாத குடும்பங்களும் உண்டு. அங்கே இருவரையும் சேர்த்து முன்கூட்டியே படம் எடுக்கலாமா என்று கேட்காதீர்கள். பெண் வீட்டார் படங்களையும் மாப்பிள்ளை வீட்டார் படங்களையும் தனித்தனியாக முடித்து வையுங்கள். தலையில் கிப்பா என்ற சிறு குல்லாய் வைத்துக்கொள்ளுங்கள், வாசலில் கூடையில் இருக்கும். கோஷர் சமையல், அதாவது யூத உணவு விதிப்படியான சமையல் நடக்கும் இடத்துக்கு வெளிச் சாப்பாட்டைக் கொண்டுபோகக் கூடாது.

தம்பதியை நாற்காலியில் தூக்கி ஆடும்போது கொட்டகைக்குள் ஒரே இருட்டு. ஃபிளாஷை மேலே அடித்தாலும் வெளிச்சம் திரும்பி வருவதில்லை. (டல்லாஸ்)

வராது. பழைய பலகைக் கூரை வெளிச்சத்தைக் குடித்துவிடும், திரும்பி வரும் கொஞ்சமும் மஞ்சளாக வரும். இரண்டு ஃபிளாஷ்களை எதிரெதிர் மூலைகளில் ஸ்டாண்டில் உயரமாக வைத்து, 1/16 பவரில் ஆடுகிறவர்களை நோக்கித் திருப்புங்கள். சர விளக்குகளின் நிறத்தோடு ஒத்துப்போக ஃபிளாஷ் மேல் ஆரஞ்சு ஜெல் (நிறத் தாள்) ஒட்டுங்கள். ஐஎஸ்ஓ 1600 முதல் 3200, எஃப் 2.8, ஷட்டர் 1/160. எல்இடி விளக்கு இருந்தால் எலெக்ட்ரானிக் ஷட்டர் வேண்டாம், படத்தில் பட்டை பட்டையாகக் கோடு விழும்.

ஹோரா என்ற இந்த வட்ட ஆட்டத்தின் உள்ளே 24 மி.மீ. லென்ஸோடு நில்லுங்கள், வெளியே நின்றால் முதுகுகள்தான் கிடைக்கும். உத்தரம் எவ்வளவு உயரம் என்று மதியமே பாருங்கள். தாழ்வாக இருந்தால் தூக்கப்போகும் நண்பர்களிடம் சொல்லிவிடுங்கள். பெண்ணின் தலை இடிக்கக் கூடாது. மடக்கு நாற்காலியையும் அனுமதிக்காதீர்கள்.

தேதி, நேரம் விஷயத்தில் என்ன கவனிக்க வேண்டும்? (ஹார்ட்ஃபோர்ட்)

வெள்ளி மாலை முதல் சனி இரவு வரை சப்பாத் என்ற ஓய்வு நாள், கல்யாணம் கிடையாது. ஜூனில் இந்தப் பக்கம் சூரியன் மறையவே எட்டரை ஆகும், சப்பாத் முடிய ஒன்பது தாண்டும். அதனால் கோடையில் ஞாயிறு மாலைதான் அதிகம். யூத நாள்காட்டியில் தம்மூஸ் மாதம் 17 முதல் ஆவ் மாதம் 9 வரையிலான மூன்று வாரங்களில் மரபைப் பின்பற்றும் குடும்பங்கள் கல்யாணம் வைப்பதில்லை. பெரும்பாலும் ஜூலை, ஆகஸ்ட்டில் வரும். மலைச் சரிவில் பொன்னிற வெயில் நாள்காட்டி சொல்வதைவிட முன்பாகவே போய்விடும், அதையும் கணக்கில் வையுங்கள்.

சடங்கு முடிந்ததும் தம்பதி ஒரு அறைக்குள் போய்க் கதவை மூடிக்கொள்கிறார்களே, உள்ளே ஒரு படம் எடுக்கலாமா? (எடிசன், நியூ ஜெர்சி)

வேண்டாம். அது யிஹுத். கணவன் மனைவியாக அவர்கள் முதன்முதலில் தனியாக இருக்கும் சில நிமிடங்கள். கல்யாண நாளில் விரதம் இருந்தவர்கள் அங்கேதான் முதல் வாய் சாப்பிடுவார்கள். ஆசாரமான கல்யாணங்களில் வெளியே இரண்டு சாட்சிகள் காவல் நிற்பார்கள். பண்ணையில் இதற்குக் குதிரைச் சேணம் மாட்டும் அறையோ சிறு மரவீடோ ஒதுக்குவார்கள். அதன் கதவு சரியாக மூடுகிறதா, ஜன்னலுக்குத் திரை இருக்கிறதா என்று நானே காலையில் பார்த்துவிடுவேன். மூடிய கதவையும், பக்கத்தில் நிற்கும் சாட்சிகளையும் ஒரு படம் எடுங்கள். பிறகு தள்ளிப்போய்க் குடும்பப் படங்களுக்கு ஆட்களை வரிசைப்படுத்துங்கள். அவர்கள் வெளியே வரும்போது முகத்தில் ஒரு புது அமைதி இருக்கும். உடனே கேமராவைத் தூக்காமல், கண் வெளிச்சத்துக்குப் பழகும்வரை விட்டு, அப்புறம் எடுங்கள்.