அநீதிக்கு உள்ளானவர்களின் கதையை ஏன் கேட்க வேண்டும்?

சாட்சியம் என்பது, அநீதிக்கு உள்ளானவர் தமக்கு நடந்ததைத் தம் வாயாலேயே சொல்வது. இன்றைய நாகப்பட்டினம் மாவட்டத்தில் உள்ள கீழவெண்மணி கிராமத்தில் 1968 டிசம்பர் 25 இரவு, கூலி நெல்லில் அரைப்படி கூட்டிக் கேட்ட தலித் விவசாயத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர், பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும், உயிருக்கு அஞ்சி ஒளிந்திருந்த ஒரே குடிசையோடு எரிக்கப்பட்டார்கள். குற்றம் சாட்டப்பட்ட நிலவுடைமையாளர்களைப் பின்னர் உயர் நீதிமன்றம் விடுவித்தது. தீர்ப்பை மட்டும் படிப்பவருக்கு அந்த இரவு புரியாது. உயிர் தப்பியவர்கள் சொன்னதால்தான் அந்த அரைப்படியும் குடிசையும் இன்றும் நம் நினைவில் இருக்கின்றன. கடன் நோட்டு கடைக்காரர் கையில் மட்டும் இருந்தால், அவர் எழுதியதுதானே கணக்கு? இப்படிச் சாட்சியங்களைக் கேட்பதைப் பழைய புண்ணைக் கிளறுவதாகச் சிலர் நினைக்கிறார்கள். ஆண்டுதோறும் அதே நாளில் வெண்மணி நினைவிடத்தில் கூடுபவர்களுக்கு அந்தப் புண் இன்னும் ஆறவே இல்லை.