பியர்டட் டிராகன் வளர்க்கும் பெட்டியை வீட்டிலேயே செய்ய முடியுமா?

முடியும். கடைகளில் விற்கும் பல கண்ணாடித் தொட்டிகளைவிட நல்ல பெட்டியாகவே செய்ய முடியும். எந்தப் பலகை, எவ்வளவு தடிமன், என்ன பசை என்று கேட்டிருக்கிறீர்கள். டொராண்டோவில் நானே செய்த பிளைவுட் பெட்டியில் பியர்டட் டிராகன் என்ற பல்லி வகை ஒன்றை வளர்த்துவருபவன் என்ற முறையில், அந்த வரிசையை மாற்றிக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறேன். முதலில் விளக்கைத் தேர்ந்தெடுங்கள், அதைக் கொண்டு பெட்டியின் உயரத்தை முடிவு செய்யுங்கள், பலகை வாங்குவதைக் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள்.

ஆஸ்திரேலியாவின் வறண்ட உள்நிலத்தில் வாழும் இந்த விலங்கு, நம் ஊர் ஓணானின் குடும்பத்தைச் சேர்ந்தது. உடற்சூட்டை இது தானாக உண்டாக்கிக்கொள்ள இயலாது. வெயிலுக்கும் நிழலுக்கும் மாறி மாறிப் போய்த்தான் அதைச் சரிசெய்துகொள்கிறது. காலையில் விளக்கு எரியத் தொடங்கியதும் அது கல்லின் மேல் ஏறி, உடலைத் தட்டையாக்கி, வெப்பத்தை ஈர்ப்பதற்காகத் தோலைக் கருக்கிக்கொள்கிறது. சூடு போதுமான அளவை எட்டியதும் நிறம் வெளிறி, வாயைத் திறந்து வைத்துக்கொள்கிறது. பிறகு குளிர்ந்த பக்கத்துக்கு நகர்ந்துவிடுகிறது. அப்படி நகர்வதற்கு ஓர் இடம் இருக்க வேண்டும் என்பதே பெட்டி செய்வதன் முழு நோக்கம். வெயில் காயும் கல்லின் மேற்பரப்பு 38 முதல் 42 டிகிரி செல்சியஸும், மறுமுனை 24 முதல் 27 டிகிரியும் இருக்க வேண்டும். 2 அடிப் பெட்டியில் இந்த வேறுபாட்டை உண்டாக்க முடியாது, முழுப் பெட்டியும் அடுப்பாகிவிடும். வளர்ந்த ஒன்றுக்கு 4 அடி நீளம், 2 அடி அகலம், 2 அடி உயரம் என்பது குறைந்தபட்ச அளவு. இடம் இருந்தால் 6 அடி நீளம் செய்யுங்கள்.

அடுத்தது புறஊதா ஒளி. ஏறத்தாழ 290 முதல் 315 நானோமீட்டர் அலைநீளமுள்ள கதிர்கள் தோலில் பட்டால்தான் வைட்டமின் டி3 உருவாகி, உணவிலுள்ள கால்சியம் எலும்பில் சேரும். அது கிடைக்காத குட்டிகளுக்குத் தாடை மென்மையாகிறது, கால்கள் வளைகின்றன, நடுக்கம் வருகிறது. சாதாரண சன்னல் கண்ணாடி இந்தக் கதிர்களைத் தடுத்துவிடுவதால், வெயில் விழும் சன்னலோரம் பெட்டியை வைப்பது இதற்கு ஈடாகாது. கண்ணாடிக்குள் சூடு மட்டும்தான் ஆபத்தான அளவுக்கு ஏறும். டி5 எனப்படும் மெல்லிய வகைப் புறஊதா டியூப் லைட்டைப் பெட்டியின் உட்புறக் கூரையில், சூடான பக்கத்திலிருந்து நீளத்தில் பாதிக்கும் சற்று அதிகமாக வரும்படி பொருத்துங்கள். இடையில் கம்பி வலை இருந்தால் அதன் நெருக்கத்தைப் பொறுத்துக் கதிர்களில் மூன்றில் ஒரு பங்கோ அதற்கு மேலோ வீணாகும். 12 சதவீதம் என்று குறிக்கப்பட்ட புறஊதா விளக்கு என்றால், விலங்கின் முதுகுக்கும் விளக்குக்கும் இடையே 30 முதல் 38 செ.மீ. இருக்கட்டும். 2 அடி உயரப் பெட்டியில் கல்லை 12 முதல் 15 செ.மீ. உயர்த்தி வைத்தால் இந்தக் கணக்கு சரியாக வந்துவிடும்.

இப்போது பலகைக்கு வரலாம். 8 அடிக்கு 4 அடி பிளைவுட் ஒன்றே போதும்: மேல், கீழ், பின்புறம் மூன்றும் 4 அடிக்கு 2 அடி, பக்கங்கள் இரண்டும் 2 அடிக்கு 2 அடி, மொத்தம் 32 சதுர அடி. ஒவ்வொரு அறுப்பிலும் ரம்பம் ஏறக்குறைய 3 மி.மீ. தின்றுவிடும் என்பதால் எல்லா அளவையும் சிறிது குறைத்து எழுதிக்கொண்டு கடைக்குப் போங்கள், அங்கேயே அறுத்துத் தருவார்கள். முன்புறத்துக்குத் தண்டவாளத்தில் நகரும் இரண்டு கண்ணாடிகள். தேவதாரு வகை வாசனை மரங்களையும் மருந்தேற்றிய மரங்களையும் தொடவே வேண்டாம், சூட்டில் அவற்றிலிருந்து வெளிவரும் ஆவி நுரையீரலுக்குக் கெடுதல். உட்புறம் முழுவதும் நீர் அடிப்படையிலான பாலியூரித்தேன் வார்னிஷை மூன்று, நான்கு முறை பூசி, இணைப்புகளில் பூஞ்சைத் தடுப்பு மருந்து சேர்க்காத சிலிக்கானை வைத்து அடையுங்கள். விடுபட்ட சந்துகளில், உணவாக விடும் வெட்டுக்கிளியும் சில்வண்டும் புகுந்துகொண்டு, இரவில் தூங்கும் விலங்கைக் கடிக்கும். குளிர்ந்த பக்கத்தில் தாழ்வாகவும், சூடான பக்கத்தில் உயரமாகவும் காற்றுத் துளைகள் வைத்தால் சூடான காற்று மேலேறி வெளியேற, புதுக்காற்று தானாக உள்ளே வரும்.

மின் இணைப்பில் சிக்கனம் கூடாது. கல்லுக்குச் சூடு தரும் ஹாலோஜன் பல்புக்குப் பீங்கான் ஹோல்டர், அதைச் சுற்றிக் கம்பிக் கூடு, சூட்டுக்கேற்ப ஒளியைக் கூட்டிக் குறைக்கும் டிம்மர் வகை தெர்மோஸ்டாட் ஆகிய மூன்றும் கட்டாயம். தெர்மோஸ்டாட்டின் உணரியை விலங்கு இழுத்துக் குளிர்ந்த பக்கத்தில் போட்டுவிட்டால், இன்னும் சூடு வேண்டும் என்று நினைத்துக் கருவி பல்பை எரித்துக்கொண்டே இருக்கும். ஆகவே உணரியின் கம்பியைச் சுவரோடு கிளிப் வைத்து இறுக்குங்கள். அடியிலிருந்து சூடேற்றும் செயற்கைக் கற்களை வாங்க வேண்டாம். வயிறு வெந்துபோகும் அளவுக்குச் சூடாகி, ஆறாத புண்ணை உண்டாக்கக்கூடியவை அவை.

இந்தியாவிலிருந்து படிப்பவர்களுக்கு: உடும்பு, நட்சத்திர ஆமை போன்ற உள்நாட்டு உயிரினங்களை வீட்டில் வளர்ப்பது 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். வெளிநாட்டு இனங்களிலும் பதிவு செய்ய வேண்டியவை உள்ளன. வாங்கும் முன்பே வனத்துறையில் கேட்டுக்கொள்ளுங்கள்.

வார்னிஷ் வாசமும் சிலிக்கானின் புளித்த வாசமும் முற்றிலும் போகும்வரை பெட்டியைத் திறந்தே வையுங்கள். பிறகு விலங்கில்லாமல் ஒரு வாரம் விளக்குகளை வழக்கமான நேரப்படி எரியவிட்டு, கல்லின் மேற்பரப்பையும் குளிர்ந்த மூலையையும் அகச்சிவப்பு வெப்பமானியால் காலை, மதியம், இரவு அளந்து எழுதுங்கள். இரவில் 18 டிகிரிக்குக் கீழே போகாமலும், பகலில் மேலே சொன்ன அளவுகளுக்குள்ளும் நின்றால் விலங்கை உள்ளே விடலாம். இல்லையென்றால் பல்பின் வாட்டையோ கல்லின் உயரத்தையோ மாற்றி மறுபடியும் அளந்து பாருங்கள்.