நைஜீரியர்கள் அன்றாடம் பேசும் கொச்சைத் தொடர்கள் எவை? அவற்றின் பொருள் என்ன?

வேலையின் பொருட்டு லேகோஸ் நகரின் இக்கேஜா பகுதியில் சில ஆண்டுகள் வசித்தவன் என்ற முறையில் இந்தக் கேள்விக்குப் பதில் எழுதுகிறேன். சொற்களை அகராதிபோல் அடுக்காமல், அவை காதில் விழும் சூழலோடு சேர்த்தே சொல்ல விரும்புகிறேன். இத்தொடர்களில் பெரும்பாலானவை ஏதேனும் ஒரு பொதுச் சம்பவத்திலிருந்தோ எல்லோரும் படும் ஒரு தொல்லையிலிருந்தோ பிறந்தவை. அந்தப் பின்னணி தெரியாவிட்டால் பொருள் பாதிதான் விளங்கும்.

ஐநூறுக்கும் மேற்பட்ட மொழிகள் வழங்கும் அந்நாட்டில் ஆட்சிமொழி ஆங்கிலம் என்றாலும், ஒரு யொரூபாக்காரரும் ஓர் இக்போக்காரரும் சந்தையில் பேரம் பேசுவது பெரும்பாலும், ஆங்கிலமும் உள்ளூர் மொழிகளும் கலந்து உருவான பிட்ஜினில்தான். பிபிசி நிறுவனம் 2017-ல் அம்மொழிக்கென்றே தனிச் செய்திச் சேவை தொடங்கியது. கொச்சையின் பெரும்பகுதி பிட்ஜினிலிருந்தும் யொரூபாவிலிருந்தும் வருகிறது. ‘வஹாலா’ என்றால் தொல்லை, வம்பு. இச்சொல் ஹௌசா மொழி வழியாக வந்தது. ‘நோ வஹாலா’ என்றால் ஒன்றும் பிரச்சினையில்லை. ‘ஓகா’ என்றால் முதலாளி அல்லது மேலதிகாரி. ‘அபெக்’ என்பது தயவுசெய்து கேட்பதற்கும் பயன்படும். இழுத்துச் சொன்னால், ‘போதும், விடுங்கள்’ என்று அலுத்துக்கொள்வதற்கும் பயன்படும்.

‘ஹவ் ஃபார்?’ என்று ஒருவர் கேட்டால் தூரத்தைக் கேட்கவில்லை, நலம் விசாரிக்கிறார். அதற்கு ‘ஐ டே’, அதாவது ‘இருக்கிறேன்’, என்பது போதுமான பதில். வேலையில் மும்முரமாக இருப்பவரைக் கடந்து செல்லும்போது ‘வெல் டன்’ என்பார்கள். அது பாராட்டு அன்று, உழைப்பவருக்குச் சொல்லும் முகமன். நீங்கள் தடுக்கி விழுந்தால் அருகில் இருப்பவர் ‘சாரி’ என்பார். தவறு தம்முடையது என்று அவர் ஒப்புக்கொள்வதாகப் பொருளில்லை, உங்கள் வலிக்கு இரங்குகிறார் என்பதே பொருள். எழுந்து வெளியே போகிறவர் ‘ஐயாம் கமிங்’ என்று சொல்லிவிட்டுப் போவது ஐரோப்பியர்களைக் குழப்புமே தவிர, ‘வருகிறேன்’ என்று விடைபெறும் நமக்கு அதில் விளக்க வேண்டியது எதுவும் இல்லை.

லேகோஸ் கொச்சை முழு வீச்சில் ஒலிக்கும் இடம் ‘டான்ஃபோ’ எனப்படும் மஞ்சள் நிறச் சிற்றுந்துதான். வாசலில் தொங்கியபடி வரும் நடத்துநர், சில்லறையோடு ஏறுங்கள் என்று கத்திக்கொண்டே இருப்பார். சில்லறை இல்லாமல் ஏறியவர்கள் இருவருக்குச் சேர்த்து ஒரே தாளைக் கொடுத்து, அவர்களை ‘ஜாயின்’ செய்து இறக்கிவிடுவார். முன்பின் அறியாத அந்த இருவரும் சாலையோரக் கடையில் எதையாவது வாங்கித் தாளை உடைத்துப் பங்கிட்டுக்கொள்ள வேண்டும். இறங்க வேண்டிய இடம் வந்ததும் பயணி ‘ஓவா’ என்று குரல் கொடுப்பார்.

இந்த வண்டிகளிலிருந்து பிறந்த தொடர்களில் என்னை மிகவும் கவர்ந்தது ‘ஒன் சான்ஸ்’ என்பது. இன்னும் ஓர் இருக்கைதான் மீதம் என்று ஆளைச் சேர்க்க நடத்துநர்கள் கத்திய சொல் அது. பிற்பாடு கொள்ளையர்கள் பயணிகளைப் போல் வண்டிக்குள் உட்கார்ந்துகொண்டு, அதே கூவலால் ஏமாந்தவரை ஏற்றிப் பணத்தைப் பறித்து நடுவழியில் தள்ளிவிடத் தொடங்கினார்கள். அத்தகைய வண்டிக்கே ‘ஒன் சான்ஸ்’ என்று பெயர் வந்தது. இன்று மோசமான திருமணத்தில் மாட்டிக்கொண்டவரும், புதிய வேலையில் ஏமாந்தவரும், தாம் வாக்களித்த ஆட்சியை நொந்துகொள்பவரும், ‘ஒன் சான்ஸில் ஏறிவிட்டேன்’ என்றே சொல்கிறார்கள்.

வாடகை மோட்டார் சைக்கிளுக்கு ‘ஒகாடா’ என்று பெயர். அது இப்போது இல்லாத ஒரு விமான நிறுவனத்தின் பெயர் என்பதால், கேலி தானே விளங்கும். ஆட்டோவுக்குப் பெயர் ‘கேக்கே மார்வா’. 1990-களின் பிற்பகுதியில் லேகோஸ் மாநிலத்தின் இராணுவ ஆளுநராக இருந்து அவற்றை அறிமுகப்படுத்திய புபா மார்வாவின் பெயர் அதில் ஒட்டிக்கொண்டது. ஓசூரில் தயாராகும் டிவிஎஸ் ஆட்டோக்களும் அங்கே இப்பெயரில்தான் ஓடுகின்றன.

மின்சாரம் திரும்பியதும் தெரு முழுவதும் குழந்தைகள் ‘அப் நெப்பா!’ என்று கூவுவார்கள். நெப்பா என்பது தேசிய மின்வாரியத்தின் சுருக்கப் பெயர். மின்சாரம் எப்போதும் இருக்கும் என்று எதிர்பார்க்காதே என்று அந்நான்கு ஆங்கில எழுத்துகளுக்கு மக்கள் புது விரிவு கொடுத்திருந்தார்கள். 2005-ல் வாரியம் பிஎச்சிஎன் என்று மாறியபோது, ‘பிரச்சினை பெயரை மாற்றிக்கொண்டது’ என்று அதற்கும் ஒரு விரிவு தயாரானது. 2013-ல் விநியோகம் தனியார் கைக்குப் போய்விட்ட பிறகும் கூவல் மாறவில்லை. ஒரு மின்விசிறிக்கும் சில விளக்குகளுக்கும் மட்டுமே போதுமான மலிவான ஜெனரேட்டருக்கு அவர்கள் இட்ட பெயர் ‘ஐ பெட்டர் பாஸ் மை நெய்பர்’. பக்கத்து வீட்டுக்காரனைவிட நான் மேல் என்று பொருள்.

பணத்தைப் பற்றிய சொற்கள் நமக்கு எளிதில் பிடிபடும். ‘சாப்’ என்றால் சாப்பிடுவது. பொதுப் பணத்தை விழுங்குவதற்கும் அதே சொல்தான். ‘ஜாரா’ என்பது கொசுறு. தக்காளி வாங்கினால் கேட்காமல் வரக்கூடாது. கடைக்காரரும் வாங்குபவரும் ஒருவரை ஒருவர் ‘கஸ்டமர்’ என்றே அழைத்துக்கொள்வார்கள். கையில் காசில்லாத நிலைக்குச் ‘சாப்பா’ என்று பெயர். அதை ஓர் ஆளாகவே பாவித்து, ‘சாப்பா என்னைப் பிடித்துக்கொண்டான்’ என்பார்கள். காதல் முறிவுக்கு ‘பிரேக்ஃபாஸ்ட்’ என்று ஏன் பெயர் வைத்தார்கள் என்று கேட்டால், காலை உணவு போல அது எல்லோருக்கும் முறை வைத்துப் பரிமாறப்படும் என்று சிரித்துக்கொண்டே சொல்வார்கள்.

அரசியல் தந்த தொடர்கள் தனி இனம். 2013-ல் ஒரு பாதுகாப்புப் படை அதிகாரி, தம் துறையின் இணைய முகவரியைத் தொலைக்காட்சி நேர்காணலில் சொல்ல முடியாமல் தடுமாறி, மேலே இருக்கும் ஓகாவைக் காட்டி நழுவப் பார்த்தார். அன்றிலிருந்து பொறுப்பைத் தட்டிக்கழிக்கும் எவரையும் ‘ஓகா அட் த டாப்’ என்று கேலி செய்கிறார்கள். 2022-ல் போலா தினுபு அபேயோகுட்டா நகரில் கட்சியினரிடம் ‘எமி லோகான்’, அதாவது ‘இது என் முறை’, என்று முழங்கினார்; அடுத்த ஆண்டு அவர் குடியரசுத் தலைவரானார், அச்சொல்லோ வங்கி வரிசை வரை இறங்கி வந்துவிட்டது. எவருக்கும் பணிந்துபோகாதே என்று பொருள்படும் ‘நோ கிரீ ஃபார் எனிபடி’ 2024 சனவரியில் புத்தாண்டு உறுதிமொழிபோலப் பரவியபோது, காவல்துறைச் செய்தித் தொடர்பாளரே அது ஆபத்தான முழக்கம் என்று எச்சரித்தார். அந்த எச்சரிக்கையைவிட நல்ல விளம்பரம் அதற்குக் கிடைத்திருக்காது.

வெளிநாட்டவர் விளையாட்டுக்குக்கூடப் பயன்படுத்தக்கூடாதவையும் உண்டு. ‘419’ என்பது மோசடியைக் குறிக்கும் குற்றவியல் சட்டப் பிரிவின் எண். இணையத்தில் ஏமாற்றுபவன் ‘யாஹூ பாய்’. மடிக்கணினியோடு போகும் இளைஞரை எல்லாம் யாஹூ பாய் என்று மறித்துப் பணம் பறித்தது, சார்ஸ் என்ற காவல் பிரிவின் மீது மக்கள் கொண்ட கோபத்துக்கு ஒரு காரணம். 2020 அக்டோபரில் அப்பிரிவை எதிர்த்துத் திரண்டவர்களின் முழக்கம் ‘சோரோ சோக்கே’, உரக்கப் பேசு என்பது. லேகோஸின் லெக்கி சுங்கச்சாவடியில் போராடியவர்கள் மீது துப்பாக்கிச் சூடு நடந்தபின் அச்சொல்லை எவரும் இலேசாகச் சொல்வதில்லை.

பிழைப்புத் தேடி நாட்டைவிட்டுக் கிளம்புவது ‘ஜாப்பா’. தப்பியோடுதல் என்ற பொருளுள்ள யொரூபாச் சொல். 2020-ல் டான்ஃபோவையும் ஒகாடாவையும் ஏற்ற ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதி, பின்னர் இதையும் சேர்த்துக்கொண்டது. மருத்துவர்களும் செவிலியர்களும் பிரிட்டனுக்கும் கனடாவுக்கும் போவதைப் பற்றிய பேச்சில் இச்சொல் தவறாமல் வரும். ஆனால் ஒருவருடைய ஜாப்பா முயற்சி எந்த அளவில் இருக்கிறது என்று நாலு பேர் முன்னிலையில் கேட்டுவிடாதீர்கள். விசா கைக்கு வரும்வரை நெருங்கிய நண்பரிடம்கூட வாய் திறக்காதவர்கள் பலர். காரணம் கேட்டால் ‘வில்லேஜ் பீப்பிள்’ என்பார்கள். சொந்த ஊரில் இருந்துகொண்டே, முன்னேறுகிறவன் மீது கண்வைத்துச் செய்வினை வைக்கும் உறவினர்களுக்கு அப்படிப் பெயர். பாதி கேலியாகவும் பாதி நம்பிக்கையாகவும் சொல்வார்கள்.