அபராதமும் ஃபைன், நலமும் ஃபைன்

கேள்வி: நலமா என்று விசாரித்தால் 'ஃபைன்' என்கிறார்கள், பயணச்சீட்டு இல்லாமல் பேருந்தில் பிடிபட்டாலும் 'ஃபைன்' போடுகிறார்கள். ஒரே சொல்லுக்கு இப்படி ஒட்டாத இரு பொருள்கள் எப்படி வந்தன?
– வாசகி, கும்பகோணம்

பதில்: ஒட்டாதவைபோலத் தோன்றினாலும் இரண்டுக்கும் வேர் ஒன்றே. இலத்தீனில் 'ஃபீனிஸ்' என்றால் முடிவு. அது பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குள் வந்தபோது இரண்டாகக் கிளைத்தது. இனிச் செய்ய ஏதுமில்லை என்னும்படி வேலை முற்றுப்பெற்ற பொருள் செம்மையானது; அந்தச் செம்மையிலிருந்து நேர்த்தி, தூய்மை, நுண்மை, நலம் என்று ஒரு கிளை விரிந்தது. வழக்கை முடித்துக்கொள்ளச் செலுத்தும் பணம் என்பது மற்றொரு கிளை. அபராதம் அதில் பிறந்ததுதான்.

இடைக்கால இங்கிலாந்தில் 'ஃபைன்' என்ற சொல் நீதிமன்ற உடன்பாட்டையும் குறித்தது. நிலத்தைக் கைமாற்ற விரும்பும் இருவர் பெயருக்கு ஒரு வழக்கைத் தொடுத்து, அதை நீதிபதிகள் முன்னிலையில் சமரசமாக முடித்துக்கொள்வார்கள். அந்த முடிவே பத்திரமாக நின்றது. ஒரே தோல் ஏட்டில் உடன்பாட்டை மூன்று முறை எழுதி, வளைவு நெளிவாக வெட்டி, ஆளுக்கொரு துண்டு கொடுத்துவிட்டு, அடித்துண்டை அரசுக் கருவூலத்தில் வைக்கும் வழக்கம் 1195இல் தொடங்கியது. பின்னாளில் யாராவது போலித் துண்டை நீட்டினால் விளிம்புகள் பொருந்தாமல் அகப்பட்டுக்கொள்வார். அடித்துண்டுக்கு 'ஃபைனின் பாதம்' என்றே பெயர். இந்த முறையை 1833ஆம் ஆண்டுச் சட்டம் ஒழித்தது.

கேள்வி: மொழிபெயர்ப்பில் 'ஃபைன்' வரும் இடமெல்லாம் 'நல்ல' என்று எழுதலாமா?
– வாசகர், மதுரை

பதில்: எழுதினால் 'ஃபைன் பவுடர்' நல்ல தூளாகிவிடும், அது நுண்ணிய தூள். நம் சமையலறையில் இந்தப் பொருளுக்கு வேறோர் ஆங்கிலச் சொல்லே குடியேறிவிட்டது: "மாவை நைஸாக அரை." (இடைக்கால ஆங்கிலத்தில் 'நைஸ்' என்றால் மூடத்தனமான என்று பொருள், அந்தக் கதையை இன்னொரு நாள் பார்ப்போம்.) ஒப்பந்தத்தின் அடியில் வரும் 'ஃபைன் பிரிண்ட்' பொடியெழுத்து. தங்கத்தில் 'ஃபைன்' என்பது தூய்மை. 22 காரட் நகையில் காணும் 916 என்ற முத்திரை, ஆயிரம் பங்கில் 916 பங்கு தூய தங்கம் என்று சொல்கிறது. 'ஃபைன் ஆர்ட்ஸ்' என்பதை நுண்கலை என்றவர் சொல்லின் நாடியைப் பிடித்திருக்கிறார்.

கேள்வி: வெளிநாட்டு விருந்தினரிடம் "இன்னும் கொஞ்சம் சாம்பார் ஊற்றட்டுமா?" என்று ஆங்கிலத்தில் கேட்டேன். "ஐ ஆம் ஃபைன்" என்றார். சம்மதம் என்று எண்ணி ஊற்றியதும் திகைத்துப்போனார். என் தவறு என்ன?
– வாசகி, சேலம்

பதில்: அவர் நாகரிகமாகப் 'போதும்' என்றிருக்கிறார். உணவோ உதவியோ தர முன்வரும்போது வரும் 'ஐ ஆம் ஃபைன்' பெரும்பாலும் மறுப்புதான். "தட்ஸ் ஃபைன்" என்றிருந்தால் சம்மதமாகக் கொண்டிருக்கலாம். அதையும் முகத்தைத் திருப்பிக்கொண்டு வெடுக்கென்று சொன்னால், 'எப்படியோ போ' என்றாகிவிடும். அடுத்த முறை கரண்டியைச் சாய்க்குமுன் அவர் கை இலையை மறைக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.