30 போதுமா, 60 வேண்டுமா?

கையில் பிடித்து விளையாடும் கேம் கருவிகளைப் பற்றிய கடிதங்கள் சில மாதங்களாகவே சேர்ந்துகொண்டிருந்தன. சுருக்கித் தருகிறேன். மாடல் பெயரைக்கூடச் சொல்லாமல் "சரியாக ஓடவில்லை" என்று மட்டும் எழுதியவர்களுக்குப் பதில் இல்லை.

கேள்வி: பெட்டியில் 120 ஹெர்ட்ஸ் என்று போட்டிருக்கிறது. ஆனால் புதிய கேம்களில் நொடிக்கு 38 முதல் 42 பிரேம் வரைதான் வருகிறது. கடைக்காரர் "இது இயல்புதான் சார்" என்கிறார். ஏமாற்றுகிறாரா? (கோவை)

இல்லை, இந்த முறை கடைக்காரர் சொல்வதுதான் சரி. 120 ஹெர்ட்ஸ் என்பது திரை நொடிக்கு எத்தனை முறை படத்தைப் புதுப்பிக்க முடியும் என்பதற்கான கணக்கு. அத்தனை படங்களை, அதாவது பிரேம்களை, உள்ளிருக்கும் சிப் வரைந்து கொடுக்கும் என்று பெட்டியில் எங்கும் எழுதியிருக்காது. நாமாக நினைத்துக்கொள்ள வேண்டும் என்பதுதான் விளம்பரக்காரர்களின் விருப்பம். ஏழு அங்குலத் திரையில் 1080 பிக்சலில் ஓட்டாமல் 720-க்கு இறக்கிப் பாருங்கள். வரைய வேண்டிய புள்ளிகள் பாதிக்கும் கீழே போய்விடும். கண்ணுக்குப் பெரிய வித்தியாசம் தெரியாது. மின்திறன் அமைப்பையும் பாருங்கள். 15 வாட்டில் ஓடுவதற்கும் 25 வாட்டில் ஓடுவதற்கும் நிறைய வேறுபாடு உண்டு. போன மாதம் 40 வந்த அதே இடத்தில், அதே அமைப்பில், இன்று 25 வந்தால், அல்லது சூடேறித் தானாக அணைந்தால், அது பழுது. அப்போது விடாதீர்கள்.

கேள்வி: ஸ்டீம் டெக் என்ற கைக்கருவியில் நன்றாக ஓடும் என்று சொல்லும் பச்சை நிற "வெரிஃபைடு" அடையாளம் பார்த்துத்தான் ஸ்டீம் இணையக் கடையில் கேம் வாங்கினேன். நகரப் பகுதிக்குப் போனதும் திணறுகிறது. இதுவரை ஒன்பது மணி நேரம் விளையாடியிருக்கிறேன். பணம் திரும்பக் கிடைக்குமா? (திருச்சி)

வாங்கிய 14 நாட்களுக்குள், இரண்டு மணி நேரத்துக்கும் குறைவாக விளையாடியிருந்தால் கிடைக்கும். ஒன்பது மணி நேரம் என்றால் கேட்டுப் பார்க்கலாம், நம்பிக்கை வைக்காதீர்கள்.

கேள்வி: ஸ்டீம் டெக்கில் 30 பிரேம் வந்தால் போதும் என்கிறார் ஒரு நண்பர். 60-க்குக் கீழே எதுவும் விளையாட்டே இல்லை என்கிறார் இன்னொருவர். எது ஏற்கத்தக்கது? (மதுரை)

இருவருமே ஒற்றை எண்ணைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறார்கள். என் நீண்ட நாள் எரிச்சல் இதுதான், கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

டெக் வெளிவருவதற்கு முன்பே, 2021-இல், அதை உருவாக்கிய வால்வ் நிறுவனத்தின் பொறியாளர்கள் 30 பிரேம் என்பது விளையாடத்தக்கது என்பதற்கான அடித்தளம் என்றார்கள். அதாவது, அதற்குக் கீழே இறங்கக் கூடாது. காணொளி விமர்சகர்கள் இதைச் சராசரி ஆக்கிவிட்டார்கள். "சராசரி 45, அருமையாக ஓடுகிறது" என்கிறார்கள். அந்த 45 எப்படி வந்தது? வெறும் சுவரைப் பார்த்து நின்றபோது 60, சண்டை மூண்டபோது 24 என்று வந்தாலும் சராசரி அழகாகத்தான் இருக்கும். நமக்கு வேண்டியது அந்த 24 எத்தனை முறை வருகிறது என்பது. அதை யாரும் சொல்வதில்லை. எல்லோரும் முதல் அரை மணி நேரத்தைத்தான் படம் பிடிக்கிறார்கள். பால்டர்ஸ் கேட் 3 என்ற கேமை எடுத்துக்கொள்ளுங்கள். காட்டிலும் குகையிலும் டெக்கில் நன்றாகவே போனது. மூன்றாம் பகுதியில், மக்கள் நெரிசலான நகரத்துக்குள் நுழைந்ததும் 30-க்குக் கீழே விழுந்தது. அத்தனை பாத்திரங்களின் நடமாட்டத்தையும் கணக்கிடுவதில் மையச் செயலி (சிபியு) மூச்சு வாங்கியது. படத் தரத்தைக் குறைத்தாலும் அங்கே பலன் குறைவு. 2025 செப்டம்பரில்தான் டெக்குக்கென்றே தனிப் பதிப்பை அந்த கேமை உருவாக்கிய லாரியன் நிறுவனம் வெளியிட்டது. முதல் பகுதியின் காணொளியைப் பார்த்து வாங்கியவர் யாரிடம் போய்க் கேட்பார்?

அடுத்து, சீர். 30 பிரேம் என்றால் ஒவ்வொரு படமும் 33.3 மில்லிநொடி நிற்கிறது. 60 என்றால் 16.7. இவை இரண்டுக்கும் நடுவில் 45 இருப்பதாகத் தோன்றும். நேரக் கணக்கில் நடு 25 மில்லிநொடி, அதாவது 40 பிரேம். அதனால்தான் டெக்கின் பழைய எல்சிடி திரையை 40 ஹெர்ட்ஸுக்கு இறக்கி, 40 பிரேமில் பூட்டி விளையாடுகிறவர்கள் குறை சொல்வதில்லை. ஆனால் அதே 40 பிரேமை 60 ஹெர்ட்ஸ் திரையில் விட்டால் ஒரு படம் 16.7, அடுத்தது 33.3 என்று மாறி மாறி நிற்கும். எண் 40 என்றே காட்டும், கண் உறுத்தும். கடையில் வாங்கும்போது மூன்று புள்ளி பொத்தானை அழுத்தி, செயல்திறன் பலகையைத் திரையில் கொண்டுவாருங்கள். பிரேம் நேரக் கோடு ஒன்று ஓடும். அது சமமாகப் போனால் 30 கூட நிம்மதி. ரம்பப் பல்லாக எழுந்து விழுந்தால் 50 இருந்தும் தலைவலி.

ஆக, என் அளவுகோல்: கதை, திட்டமிடல், மெதுவான சாகசம் என்றால் ஆட்டம் காணாத 30. கேமராவை விரைவாகத் திருப்ப வேண்டிய கேம் என்றால் 40. சண்டை, கார் பந்தயம், துப்பாக்கி என்றால் 60. இதில் சமரசம் வேண்டாம். இந்த எண்கள் எல்லாமே கேமின் மிக மோசமான இடத்தில், பேட்டரியில், எழுத்துகளைக் கண் சுருக்காமல் படிக்க முடிகிற அமைப்பில் வர வேண்டும்.

கேள்வி: கடையில் "பிரேம் ஜெனரேஷன்" போட்டு 90 காட்டினார்கள். நம்பலாமா? (சேலம்)

அந்த 90-இல் பாதி, இரண்டு படங்களுக்கு நடுவே கணித்து வரைந்து செருகியவை. பார்க்க வழவழப்பாக இருக்கும். பொத்தானை அழுத்தினால் மட்டும் 45-இன் வேகத்தில்தான், அதிலும் சற்றுத் தாமதமாகத்தான் கேம் அசையும். இந்த நுட்பத்தைத் தரும் சிப் நிறுவனமான ஏஎம்டியே முதலில் 60 பிரேமாவது வரட்டும் என்கிறது. அணைக்கச் சொல்லிவிட்டு மறுபடி காட்டச் சொல்லுங்கள்.

கேள்வி: இறக்குமதி டெக்கை சென்னை ரிச்சி தெருவில் வாங்கினேன். பில் வேண்டாமென்றால் இரண்டாயிரம் குறைத்தார்கள். இப்போது விசிறி அலறுகிறது, கடையில் கைவிரிக்கிறார்கள். (தாம்பரம்)

வால்வ் நிறுவனம் டெக்கை இந்தியாவில் நேரடியாக விற்பதில்லை. அப்படியென்றால் உங்களுக்கு இருந்த ஒரே உத்தரவாதம் அந்தக் கடைக்காரரின் கையெழுத்துதான். அதைத்தான் இரண்டாயிரத்துக்கு விற்றிருக்கிறீர்கள். இருந்தாலும், பில் தராமல் விற்பது 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நியாயமற்ற வணிக நடைமுறை. யுபிஐயில் பணம் அனுப்பியிருந்தால் அந்தப் பதிவையும், கடைக்காரருடன் நடந்த வாட்ஸ்அப் உரையாடலையும் எடுத்துக்கொண்டு கேளுங்கள். ரொக்கமாகக் கொடுத்திருந்தால் எனக்கு மறுபடி எழுத வேண்டாம்.

கேள்வி: பழைய ஸ்டீம் டெக் எட்டு மணி நேரம் ஓடும் என்றார்கள், ஒன்றரை மணியில் அணைந்துவிடுகிறது. பேட்டரி போலியா? (ஈரோடு)

பழைய டெக்கின் பேட்டரி 40 வாட்-மணி. கருவி மொத்தமாக 25 வாட் இழுத்தால் ஒன்றரை மணிக்குச் சற்று மேல். கணக்கு சரியாகவே இருக்கிறது. வால்வ் சொன்னது 2 முதல் 8 மணி நேரம். எட்டு என்பது எளிய இருபரிமாண கேமுக்கு. பவர் பேங்க் வாங்கலாம் என்று ஓடுவதற்கு முன்: 20,000 எம்ஏஎச் (மில்லிஆம்பியர்-மணி) என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தாலும் அது 3.7 வோல்ட் கணக்கு, அதாவது 74 வாட்-மணி. போகிற வழியில் அதிலும் கொஞ்சம் கரையும். எத்தனை வாட் வெளியே தரும் என்பதுதான் முக்கியம். நான் வாங்கியது 18 வாட். அதை மாட்டிக்கொண்டு விளையாடினால் பேட்டரி ஏறவில்லை, இறங்குகிற வேகம்தான் குறைந்தது. டெக்குக்கு 45 வாட் வேண்டும்.

கேள்வி: மகன் பத்தாம் வகுப்பு தேறியதற்காக "10,000 கேம்கள்" என்று விளம்பரம் செய்த கருவியை இணையக் கடையில் வாங்கினேன். சில நூறு கேம்களுக்குப் பிறகு அதே பெயர்கள் திரும்ப வருகின்றன. பாதி ஓடவே இல்லை. திருப்பி எடுக்க மறுக்கிறார்கள். (தூத்துக்குடி, ஒரு தாய்)

உங்கள் மேல் ஒரு தவறும் இல்லை அம்மா. இதே மாதிரி ஒன்று என் மேசை இழுப்பறையிலும் கிடக்கிறது. விளம்பரத்தில் சொன்ன தன்மை இல்லாத பொருளைத் திரும்பப் பெற விற்பனையாளர் மறுக்கக் கூடாது என்று 2020 மின்வணிக விதிகள் சொல்கின்றன. முதலில் அந்த இணையக் கடையின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுதுங்கள். 48 மணி நேரத்தில் ஒப்புகை, ஒரு மாதத்தில் தீர்வு தர வேண்டும். விளம்பரத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள், நாளைக்கே மாற்றிவிடுவார்கள். மசியாவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழையுங்கள். அதுவும் நடக்காவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் கிடையாது, வழக்கறிஞரும் கட்டாயமில்லை. மகனுக்கு என் வாழ்த்து.

கேள்வி: நான்கு மாதத்துக்கு முன் கடையில் வாங்கியது. இடது ஜாய்ஸ்டிக் தொடாமலேயே நகர்கிறது. "தேய்மானம்" என்கிறார்கள். (சிங்கப்பூர்)

உங்கள் ஊரில் 2012 முதல், குறையுள்ள பொருளை வாங்கியவருக்கான லெமன் சட்டம் இருக்கிறது. ஆறு மாதத்துக்குள் தெரியவரும் குறை, விற்றபோதே இருந்ததாகக் கருதப்படும். இல்லை என்று நிரூபிப்பது கடையின் வேலை. பழுது பார்க்கவோ மாற்றவோ சொல்லுங்கள். மறுத்தால் சிறு உரிமைகோரல் நடுவர் மன்றம்.

கேள்வி: அடுத்த மாடல் வரட்டும் என்று இரண்டு வருடமாகக் காத்திருக்கிறேன். இப்போது வாங்கலாமா? (நாகர்கோவில்)

எந்த கேம் விளையாடப் போகிறீர்கள் என்று இரண்டு பக்கக் கடிதத்தில் ஒரு வரிகூட இல்லை. அதை எழுதி அனுப்புங்கள்.