பிள்ளையின் தலை யன்னல் பக்கம் இருக்கட்டும்

திருகோணமலையில் கலியாண வீடுகளில் படம் எடுப்பதுதான் என் தொழில். ஆனால் இப்போது என்னிடம் கூடுதலாகக் கேட்கப்படுவது கைக்குழந்தைப் படங்களைப் பற்றித்தான். வந்த கேள்விகளில் சிலவற்றுக்குப் பதில் சொல்கிறேன்.

அண்ணா, மகளுக்கு இரண்டு மாதம். வீட்டுக்குள் எடுத்தால் முகம் மஞ்சளாக, கண்ணுக்குக் கீழே கறுப்பாக விழுகிறது. நல்ல கமெரா வாங்க வேண்டுமா? (உப்புவெளி)

வேண்டாம் தங்கச்சி, முதலில் அறை லைட்டை அணையுங்கள். நேரே மேலிருந்து விழும் வெளிச்சம்தான் கண்குழியில் நிழல் போடுகிறது. மஞ்சள் பல்பும் பகல் வெளிச்சமும் கலந்தால் தோல் நிறமும் கெடும். வெயில் நேரே அடிக்காத யன்னலாகப் பார்த்து, இரண்டு மூன்று அடி தள்ளிப் பாயை விரித்துப் பிள்ளையைக் கிடத்துங்கள். கால் யன்னல் பக்கம் இருந்தால் வெளிச்சம் நாடிக்குக் கீழிருந்து ஏறி, டோர்ச் அடித்துப் பேய் காட்டின மாதிரி ஆகிவிடும். தலை யன்னல் பக்கம், கொஞ்சம் சரிவாக இருக்கட்டும். இருண்ட பக்கத்தில் ஒருவர் வெள்ளை வேட்டியை விரித்துப் பிடித்தால் நிழல் இளகும். சுவர் கடும்பச்சை என்றால் அந்த அறையே வேண்டாம். பச்சை கன்னத்தில் ஏறும். கண்மணிக்குள் யன்னல் சின்னதாக மின்னுகிறதா என்று பாருங்கள். மின்னினால் எடுக்கலாம்.

போனில் கிட்டப்போய் எடுத்தால் மூக்கு மட்டும் பெரிதாகத் தெரிகிறதே?

கிட்டப்போவதுதான் பிழை. இரண்டடி பின்னால் வந்து, 2 மடங்கு சூமில் எடுங்கள். நின்றுகொண்டு எடுக்காமல் பிள்ளையின் கண் மட்டத்துக்குக் குனியுங்கள், குப்புறப் படுத்தாலும் பரவாயில்லை.

மச்சானின் கமெராவும் 50 மில்லிமீற்றர் லென்ஸும் கிடைத்திருக்கு. என்ன அளவில் வைப்பது?

லென்ஸின் திறப்பை (எஃப் எண் குறையக் குறையத் திறப்பு பெரிது) எஃப் 1.8 வரை திறக்க ஆசை வரும். திறந்தால் ஒரு கண் தெளிவு, மற்றது மங்கல். எஃப் 2.8 முதல் 4 வரை வையுங்கள். முழித்திருக்கும் பிள்ளைக்கு ஷட்டர் வேகம் 1/250 விநாடி, நித்திரை என்றால் 1/100 போதும். வெளிச்சம் காணாவிட்டால் ஐஎஸ்ஓவை (கமெராவின் ஒளியுணர்வு) 1600க்கு ஏற்றுங்கள். படத்தில் புள்ளி விழுந்தால் சகிக்கலாம், ஆட்டத்தைச் சகிக்க ஏலாது. ஃபோகஸ் எப்போதும் கிட்ட இருக்கும் கண்ணில்.

ஃபிளாஷ் கண்ணைக் கெடுக்குமா?

சாதாரண ஃபிளாஷால் கண் கெடாது. ஆனால் முகம் தட்டையாகிவிடும், பிள்ளையும் திடுக்கிடும். தொழில் தொடங்கிய காலத்தில் ஒரு பிள்ளை பிறந்த முப்பத்தொன்றாம் நாள் சடங்கு வீட்டில் ஃபிளாஷ் அடித்தேன். பிள்ளை வீறிட்ட வீறிடலில் அம்மம்மா என்னை முற்றத்துக்கு அனுப்பிவிட்டார்.

நிலாவெளிக் கடற்கரையில் எடுக்க எந்த நேரம் நல்லது?

நம் கடல் கிழக்கே. காலை ஏழு மணிக்கே வெயில் கண்ணைக் கூசவைக்கும். பின்னேரம் ஐந்து மணியளவில் மர நிழலில், பிள்ளையின் முகம் கடலைப் பார்க்க உட்காருங்கள். திறந்த வானமே பெரிய யன்னலாகிவிடும். கோணேசர் மலைக்கும் போகலாம், ஆனால் உச்சியில் காற்று அதிகம், தொப்பி வேண்டும். போகும் வழியிலுள்ள கோட்டைக்குள் மான்களோடு எடுக்கிறோம் என்று பிள்ளையைப் புல்லில் வைத்துவிடாதீர்கள்.

அண்ணா, பிள்ளைக்குப் பல் முளைத்துவிட்டது, அடுத்த கிழமை பல்லுக்கொழுக்கட்டைச் சடங்கு. அந்த நேரத்தை எப்படிப் பிடிப்பது?

கொழுக்கட்டை தலையில் கொட்டுவது இரண்டு மூன்று விநாடிதான், திரும்ப எடுக்க ஏலாது. ஆகவே முதல் நாளே இடத்தைப் பாருங்கள். பிள்ளை யன்னலைப் பார்த்து இருக்க, கொட்டுபவர் பின்னால் நிற்கட்டும்; பக்கத்தில் நின்றால் கை முகத்தை மறைக்கும். நீங்கள் யன்னல் பக்கம், நிலத்தில். ஷட்டர் 1/500, தொடர்ச்சியாக எடுக்கும் முறை. போனில் என்றால் பொத்தானை அமத்திப் பிடியுங்கள் (சில போன்களில் இழுக்க வேண்டும்), ஒத்திகை பாருங்கள். கொட்டி முடிந்ததும் நிறுத்திவிடாதீர்கள். திகைப்பு, அப்புறம் கை நீட்டி ஒன்றை எடுத்து வாயில் வைப்பது, அதுதான் படம்! உறவினர்களின் போன்கள் முன்னால் வரத்தான் செய்யும். ஒரு மாமாவைக் காவலுக்கு விடுங்கள்.

கையில் நாடியை ஊன்றித் தூங்கும் படம்?

செய்யாதீர்கள். அது ஒருவர் தலையைத் தாங்கிப் பிடித்து எடுத்த இரண்டு படங்களை ஒட்டியது.

கன்னத்துக் கறுப்புப் பொட்டை அழித்துவிட்டு எடுக்கட்டா?

பொட்டு இருக்கட்டும். பெரிதாகத் தெரிந்தால் அந்தக் கன்னத்தை நிழல் பக்கம் திருப்புங்கள். அழித்துவிட்டு அம்மம்மாவிடம் என் பெயரைச் சொல்லாதீர்கள்.